இடது கைதானே, போனால் போகட்டும்?

ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், என் போனுக்கு எக்ஸ்ரே வந்துவிடும். ஊரில் யாராவது பாத்ரூமில் வழுக்கி விழுந்திருப்பார்கள். சித்தூரில் அக்காவின் மாமியார், திருப்பதியில் கூடப் படித்தவனின் அப்பா, பலமநேரில் யாரோ ஒருத்தருடைய பெரியம்மா. படத்துக்குக் கீழே நியூஜெர்சியிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ மகன் எழுதியிருப்பார்: "அண்ணா, அம்மாவுக்கு ரிவர்ஸ் ஷோல்டர் ரீப்ளேஸ்மெண்ட் பண்ணணும்னு சொல்றாங்க. வேணுமா, வேணாமா? சுருக்கமா சொல்லுங்க."

சுருக்கமா! என்னமோ வெங்காயம் வாங்கணுமா வேணாமா என்கிற மாதிரி. சுருக்கமாகச் சொல்ல முடியாததால்தான் இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். பொறுமை இல்லாதவர்கள் இப்போதே எழுந்து போய் காபி போட்டுக்கொண்டு வரலாம் :-)

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் "நீ என்ன பெரிய டாக்டரா" என்று யாராவது கேட்பீர்கள். டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட். பிறந்தது சித்தூர், பிழைப்பு இங்கிலாந்தில். சர்ஜன் வெட்டித் தைத்து அனுப்பிய பிறகு அந்தக் கையைத் திரும்ப மேலே தூக்க வைப்பது என் வேலை. அதனால் ஆபரேஷனுக்கு அடுத்த நாள் எடுக்கிற அழகான எக்ஸ்ரேவைவிட, ஆறாவது மாதம் அந்த அம்மா தன் தலையைத் தானே வாரிக்கொள்கிறாரா என்பதுதான் எனக்குப் பெரிது.

இந்த போன்களில் இரண்டு விதமான பிள்ளைகளைப் பார்க்கிறேன். ஒருத்தர், "எழுபத்தஞ்சு வயசு ஆச்சு, இனிமே எதுக்குண்ணா ஆபரேஷன், இடது கைதானே" என்பவர். இன்னொருத்தர், "செலவைப் பத்திக் கவலையில்ல, பெஸ்ட் இம்பிளாண்ட் எதுன்னு மட்டும் சொல்லுங்க, எனக்கு ரெண்டு வாரம் லீவு இருக்கு" என்பவர். முதலாமவர் கஞ்சன், இரண்டாமவர் தங்கமான பிள்ளை என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். என் கணக்கில் இரண்டு பேரும் ஒன்றுதான். அந்தக் கையை வைத்து அம்மா காலையிலிருந்து ராத்திரி வரை என்ன செய்கிறார் என்று இரண்டு பேருக்குமே தெரியாது. நான் திருப்பிக் கேட்டால் போனில் ஒரு நிமிஷம் மௌனம். அப்புறம், "அப்பாகிட்ட கேட்டுச் சொல்றேண்ணா". அப்பாவுக்கும் தெரியாது என்பது வேறு விஷயம்.

இந்த ஆபரேஷன் என்ன என்று புரிந்தால்தான் மேலே பேச முடியும். பிரிமணை மேல் வைத்த குடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேல்கை எலும்பின் உருண்டைத் தலைதான் குடம். முதுகுப் பக்கம் இருக்கிற தோள்பட்டை எலும்பின் ஓரத்தில் இருக்கிற ஆழமில்லாத குழிதான் பிரிமணை. குடம் பெரிசு, பிரிமணை சின்னது. கையை எல்லாப் பக்கமும் சுழற்ற முடிவது அதனால்தான், சுலபமாக நழுவிப் போவதும் அதனால்தான். குடம் உருண்டுவிடாமல் நாலு சின்னத் தசைகள் சுற்றி நின்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. ரொட்டேட்டர் கஃப் என்று டாக்டர் சொல்வது இந்த நாலு பேரைத்தான். இவர்களுக்கு வெளியே, தோளில் உருண்டு திரண்டு தெரிகிற பெரிய தசை டெல்டாய்ட். பலம் முழுக்க அதற்குத்தான், ஆனால் புத்தி கிடையாது. மேலே இழு என்றால் மேலே இழுக்க மட்டும் தெரியும்.

வயதாக ஆக, அல்லது ஒரு விழுதலில், அந்த நாலு தசைகளின் நார்கள் கிழிகின்றன. பிடிக்க ஆள் இல்லாத குடத்தை டெல்டாய்ட் மேலே இழுக்கிறது. குடம் மேலே இருக்கிற எலும்புக் கூரையில் போய் முட்டுகிறது. முட்டி முட்டி வருஷக்கணக்கில் தேய்ந்து மூட்டே பாழாகிறது. அமெரிக்க சர்ஜன் சார்ல்ஸ் நீர் 1983-ல் இதை விவரமாக எழுதினார். இப்படிப்பட்ட தோளில் வழக்கமான செயற்கை மூட்டைப் போட்டால் பிரயோஜனம் இல்லை. பழைய குடத்துக்குப் பதில் உலோகக் குடம், அவ்வளவுதான். பிடிக்க ஆள் எங்கே?

தோளுக்குச் செயற்கை மூட்டு என்பது புதுசும் இல்லை. 1893-லேயே பாரீஸில் பெயான் என்கிற சர்ஜன், காசநோயால் தோள் அரித்துப்போன ஒரு ரொட்டிக் கடைக்காரருக்கு பிளாட்டினத்திலும் ரப்பரிலும் மூட்டு செய்து வைத்தார். கொஞ்ச காலம் ஓடியது, பிறகு சீழ் வைத்து எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு சுமார் தொண்ணூறு வருஷம் பெரும்பாலானவர்கள் கடவுள் வைத்த மாதிரியே மூட்டை வைக்கப் பார்த்தார்கள். பிரான்ஸில் திஜோன் ஊரைச் சேர்ந்த பால் கிராமோன் 1985-ல் அதைத் தலைகீழாக்கினார். குழி இருந்த இடத்தில் உருண்டை, உருண்டை இருந்த இடத்தில் கிண்ணம். மூட்டு சுழலுகிற மையம் உள்ளேயும் கீழேயும் நகர்ந்துவிட்டது. டெல்டாய்டுக்கு நல்ல நெம்புகோல் கிடைத்தது. கிழிந்த நாலு பேரும் இல்லாமலே அந்த ஒரு முரட்டுத் தசை கையைத் தூக்கிவிடுகிறது. டெல்டா என்றே அந்த மூட்டுக்குப் பெயர் வைத்தார்கள். அமெரிக்காவில் 2003-ல்தான் அனுமதி கிடைத்தது. இன்றைக்கு அங்கே நடக்கிற தோள் மாற்று ஆபரேஷன்களில் பாதிக்கு மேல் இந்தத் தலைகீழ் வகைதான்.

சரி, முதல் வகைப் பிள்ளைக்கு வருகிறேன். "வயசாச்சு, பொறுத்துக்கட்டும்."

முழங்கால் போனால் ஊருக்கே தெரியும். அம்மா தாங்கித் தாங்கி நடப்பார், கல்யாண வீட்டில் நாற்காலி கேட்பார், நாலு பேர் விசாரிப்பார்கள். வெளிநாட்டுப் பிள்ளைக்கு மானப் பிரச்சினை, உடனே பணம் அனுப்பிவிடுவார். தோள் போனால் யாருக்கும் தெரியாது. அம்மா நன்றாகத்தான் நடப்பார், வீடியோ காலில் சிரிப்பார். முடியாமல் போவதெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு செய்கிற வேலைகள். ஜாக்கெட் போடுவது, முதுகு தேய்ப்பது, பாவாடை நாடா முடிவது, கொண்டை போடுவது. இதையெல்லாம் எந்த அம்மா மகனிடம் சொல்வார்?

எங்கள் உறவில் ஒரு அத்தை. ஒரு தோள் இரண்டு வருஷமாகத் தூக்க வராது. மற்றதிலும் வலி. ஒரு நாள் திருமலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். இடுப்பு வரை முடி இருந்த மனுஷி. "என்ன பக்தி, என்ன பக்தி" என்று தெருவே பேசியது. மகன் அமெரிக்காவிலிருந்து புல்லரித்துப்போய் எனக்கே போன் பண்ணினான். அடுத்த முறை ஊருக்குப் போனபோது நான்தான் மெதுவாகக் கேட்டேன், என்னத்தை வேண்டுதல் என்று.

"வேண்டுதலும் இல்ல ஒண்ணும் இல்லடா. தலை வாரிக்க முடியல. தெனம் காலைல மருமக எதிர்ல சீப்பை எடுத்துக்கினு நிக்கணும். அது பாவம் வேலைக்கு ஓடுது. பழியைப் பெருமாள் மேல போட்டுட்டேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இதில் எழுபத்தஞ்சு வயசு எங்கே வந்தது? எழுபத்தஞ்சு வயசில் தலை வார வேண்டாமா?

வயது மட்டுமே ஒரு காரணம் ஆகாது. இந்த மூட்டே வயதானவர்களை நினைத்து உண்டானது. இளவயதுக்காரருக்குத்தான் சர்ஜன்கள் யோசித்துப் போடுவார்கள், காரணம் மூட்டின் ஆயுள். பத்து வருஷம் கழித்தும் பத்தில் ஒன்பதுக்கு மேல் இடத்தில் நிற்கின்றன என்பதால் எழுபத்தைந்து வயதுக்காரருக்கு அது போதும், போதாததற்கு இன்னொன்றும் இருக்கிறது. முழங்கால் ஆபரேஷன் ஆகி வாக்கர் பிடித்து நடக்கிற அம்மாவுக்குத் தோள்தான் இரண்டாவது கால். அதுவும் போனால் படுக்கை. இருதயம் தாங்குமா, சர்க்கரை எவ்வளவு, எலும்பில் திருகாணி நிற்கிற அளவுக்குச் சத்து இருக்கிறதா, டெல்டாய்ட் தசையின் நரம்பு உயிரோடு இருக்கிறதா, இதையெல்லாம் பார்த்து வேண்டாம் என்று சொன்னால் நியாயம். பிறந்த தேதியைப் பார்த்துச் சொன்னால் அது வைத்தியம் இல்லை, சோம்பேறித்தனம்.

அதற்காக எக்ஸ்ரேவில் தோள் தெரிந்தாலே மாற்றிவிடலாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சர்க்கரை வியாதி இருக்கிற ஐம்பது வயது அம்மாவுக்குத் தோள் இறுகிப் போயிருந்தால் அது பெரும்பாலும் ஃப்ரோசன் ஷோல்டர். வலிக்கும், உயிர் போகும், ஒன்றிரண்டு வருஷத்தில் பெருமளவு தானாக இளகும். பயிற்சியும் ஊசியும் போதும், அதற்கும் இந்த மூட்டுக்கும் சம்பந்தமே இல்லை. கிழிந்த நாரை வைத்துக்கொண்டே டெல்டாய்டைப் பழக்கிக் கையைத் தூக்குகிறவர்களும் உண்டு. மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்து பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம், ஒன்றும் குடி முழுகிவிடாது.

எலும்பு முறிவிலும் அப்படித்தான். நம் ஊர்க்காரர்களிடம் தோளைப் பற்றிப் பேசிவிட்டு புத்தூரைப் பேசாமல் போனால் அடிக்க வருவார்கள். தமிழ்நாடு முழுக்க "புத்தூர் கட்டு" என்று போர்டு வைத்திருக்கிறார்களே, அந்தப் புத்தூர் எங்கள் பக்கம்தான். 2022-ல் மாவட்டத்தைப் பிரித்தபோது திருப்பதி மாவட்டத்துக்குப் போனது. பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை, மேலே இறுக்கித் துணிக்கட்டு. நூறு வருஷத்துக்கு மேலாக நடக்கிறது. என் தாத்தா கை அங்கே கட்டித்தான் கூடியது.

படித்தவர்கள் புத்தூரைக் கிண்டல் பண்ணுவது எனக்குப் பிடிக்காது. அங்கே உட்கார்ந்திருக்கிறவர் கையைத் தொட்டுப் பார்ப்பார், எப்படி விழுந்தாய் என்று கேட்பார். சில பெரிய ஆஸ்பத்திரிகளில் டாக்டர் கம்ப்யூட்டரை மட்டும் பார்ப்பார். இன்னொன்றும் சொல்கிறேன், கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். இங்கிலாந்தில் மேல்கை எலும்பு தோளுக்குக் கிட்டே முறிந்த 250 பேரை இரண்டு பிரிவாக்கி, பாதிப் பேருக்கு ஆபரேஷன், பாதிப் பேருக்கு வெறும் ஸ்லிங் என்று பார்த்தார்கள். 2015-ல் முடிவு வந்தது. இரண்டு வருஷம் கழித்து இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி. அந்த ஆபரேஷன்கள் பெரும்பாலும் பிளேட் வைத்தவை, ரிவர்ஸ் அல்ல. ஆக, புத்தூரில் கட்டிக் குணமானவர்களில் பல பேருக்குக் கழுத்தில் ஒரு துண்டைக் கட்டிக் கையைத் தொங்கப் போட்டிருந்தாலும் எலும்பு கூடியிருக்கும். பச்சிலைக்குப் பேர் கிடைத்தது, நல்லதுதான்.

ஆனால் எலும்பு பல துண்டாகி இடம் விட்டு நகர்ந்திருந்தால் கதை வேறு. 65 வயதுக்கு மேற்பட்டவர்களின் அந்த மாதிரி முறிவில் பிளேட்டைவிட ரிவர்ஸ் மூட்டு நன்றாக வேலை செய்கிறது என்று நார்வேயில் செய்த ஒப்பீடு 2020-ல் வெளியானது. மூட்டு நழுவியிருந்தாலும் கதை வேறு. நாற்பது வயதுக்கு மேல் தோள் நழுவினால் கூடவே நார் கிழிந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு, டெல்டாய்ட் நரம்பும் அடிபட்டிருக்கலாம். கட்டுக்குள்ளே ஆறு வாரம் அது தெரியவே தெரியாது. நழுவின மூட்டு திரும்ப உட்காராமலே கட்டுக்குள் இருந்துவிட்டதும் உண்டு. கட்டு பிரித்த பிறகு கை தூக்கவில்லை என்று எனக்கு எக்ஸ்ரே அனுப்புகிறீர்களே, அதில் பாதி இந்த ரகம். தோள் விஷயத்தில் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள்தான். புத்தூருக்குப் போங்கள், ஆனால் வழியில் ஒரு எக்ஸ்ரே எடுத்து ஒரு எலும்பு டாக்டரிடம் காட்டிவிட்டுப் போங்கள். திருப்பதியிலேயே தேவஸ்தானம் நடத்துகிற பர்டு ஆஸ்பத்திரி இருக்கிறது, போலியோவால் கால் சூம்பிய பிள்ளைகளுக்கு இலவசமாக ஆபரேஷன் செய்து பேர் வாங்கிய இடம். ருயா இருக்கிறது. சித்தூர்க்காரர்களுக்கு வேலூர் கூப்பிடு தூரம். கருத்துக் கேட்க சென்னைக்குத்தான் ஓட வேண்டும் என்றில்லை.

இப்போது அந்த "இடது கைதானே". இதைக் கேட்டால் எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது.

வெள்ளைக்காரன் புத்தகத்தில் கை இரண்டு வகை: பழக்கமான கை, பழக்கமில்லாத கை. பழக்கமில்லாத கை என்றால் கொஞ்சம் குறை இருந்தாலும் சமாளிக்கலாம் என்பது அங்கே ஒரு நினைப்பு. அந்த ஊரில் காகிதம். நம் வீட்டில் தண்ணீர். சபையில் சொல்லக் கூச்சப்படுகிற ஒரு வேலையை நாம் எல்லோரும் தினமும் இடது கையால்தான் செய்கிறோம். அதற்குக் கை முதுகுப் பக்கமாகத் திரும்பிப் போக வேண்டும். ரிவர்ஸ் மூட்டு கையை மேலே தூக்குவதை நன்றாகத் தருகிறது. முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோவதுதான் அதில் நிச்சயம் சொல்ல முடியாத பகுதி. சிலருக்கு வரும், பலருக்கு இடுப்போடு நின்றுவிடும். ஆபரேஷனுக்கு முன்னால் இதை எத்தனை சர்ஜன்கள் எழுபது வயது அம்மாவிடம் வெளிப்படையாகப் பேசுகிறார்கள்? எத்தனை மகன்கள் கேட்கிறார்கள்? மகன் கேட்க மாட்டான், அம்மா சொல்ல மாட்டார், டாக்டருக்கு நேரம் இல்லை. ஆபரேஷன் வெற்றி, கை தலைக்கு மேல் போகிறது, எல்லோரும் கைதட்டியாயிற்று. அம்மா மட்டும் பாத்ரூமுக்கு உள்ளே போனால் வெளியே வர முக்கால் மணி நேரம்.

அதனால் இடது தோள் என்றால் கூடுதலாகப் பேச வேண்டும், குறைவாக அல்ல. வெஸ்டர்ன் டாய்லெட்டும் பக்கவாட்டில் தண்ணீர்க் குழாயும் ஆபரேஷனுக்கு முன்னாலேயே வைத்தாக வேண்டும். வலது கையால் செய்து பழகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். சாப்பிடுகிற கை என்று மனசு ஒப்பாது. எத்தனையோ பேர் அழுதிருக்கிறார்கள். ஒரு பெண் நர்ஸையோ பெண் பிசியோவையோ வைத்து, மகனை வெளியே அனுப்பிவிட்டுப் பேச வேண்டிய பேச்சு இது. இரண்டு தோளும் பழுது என்றால் எதை முதலில் செய்வது என்பதே இதை வைத்துத்தான் முடிவாக வேண்டும்.

இரண்டாவது வகைப் பிள்ளைக்கு வருகிறேன், அந்தத் தங்கமான பிள்ளைக்கு.

இவர் கேட்கிற முதல் கேள்வி, "எந்த கம்பெனி மூட்டுண்ணா?" ஐபோன் வாங்குகிற மாதிரி. கேட்க வேண்டிய கேள்வி, "டாக்டர், போன வருஷம் இந்த ஆபரேஷன் நீங்க எத்தனை பண்ணீங்க?" கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று பயம். நல்ல சர்ஜன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

விலை விஷயத்தையும் கேளுங்கள். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை முழங்கால் மூட்டுக்கு உச்ச விலை வைத்தது. சாதாரண கோபால்ட்-குரோமியம் மூட்டு அன்று 54,720 ரூபாய், வரி தனி. அதற்கு முன்னால் அதே மூட்டு லட்சத்தைத் தாண்டி விற்றுக்கொண்டிருந்தது. அந்த உத்தரவு முழங்காலோடு சரி, தோளுக்குக் கிடையாது. அதனால் தோள் மாற்று எஸ்டிமேட்டில் இம்பிளாண்ட் எவ்வளவு, ஆஸ்பத்திரிச் செலவு எவ்வளவு, சர்ஜன் கட்டணம் எவ்வளவு என்று பிரித்து எழுதி வாங்குங்கள். டாலரில் சம்பளம் வாங்குகிற மகன் என்று தெரிந்தால் எஸ்டிமேட் ஒரு சுற்று பருத்துவிடும். யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை, ஊருக்கே தெரிந்த கதைதான்.

பணத்தைக்கூட விடுங்கள். என் சண்டை அந்த இரண்டு வார லீவோடு. கணக்குப் போட்டுப் பாருங்கள். திங்கட்கிழமை வந்து இறங்குகிறீர்கள். புதன் ஆபரேஷன். சனிக்கிழமை வீட்டுக்கு வந்தாயிற்று, போட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்பில் போட்டாயிற்று, எழுபது தம்ஸ்-அப். இன்னும் எட்டு நாளில் விமானம் ஏறிவிடுவீர்கள். அன்றைக்குத் தையல்கூடச் சரியாக ஆறியிருக்காது. கையை ஸ்லிங்கில் வைத்திருக்க வேண்டிய காலம் நாலிலிருந்து ஆறு வாரம். தானாகக் கையைத் தூக்கிப் பழகுவது அதற்கப்புறம்தான் ஆரம்பம், மூன்றாவது மாதம்தான் கொஞ்சம் பலம் ஏற்றலாம், முன்னேற்றம் ஒரு வருஷம் வரைக்கும்கூடப் போகும். இந்தக் கணக்கில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? ஜென்மத்தில் காபி போட்டுப் பழகாத அப்பாவிடம் அம்மாவை ஒப்படைத்துவிட்டு ஏறிவிடுகிறீர்கள்.

இந்த மூட்டு முதல் மூன்று மாதத்தில் நழுவக்கூடிய ஒரு நிலை இருக்கிறது. கை உடம்புக்குப் பின்னால் போய், உள்பக்கம் திரும்பி, அதன் மேல் பாரம் விழுவது. அதாவது நாற்காலியின் கைப்பிடியை அழுத்தி எழுந்திருப்பது. தரையில் கையை ஊன்றி எழுந்திருப்பது. புடவையைப் பின்னால் செருகுவது. நம் அம்மாக்கள் ஒரு நாளைக்கு முப்பது தடவை செய்கிற காரியங்கள். நாங்கள் நோயாளிகளுக்குச் சொல்கிற எளிய விதி, "உங்க முழங்கை எப்பவும் உங்க கண்ணுக்குத் தெரியணும்." படுக்கும்போதும் முழங்கைக்குக் கீழே ஒரு தலையணை, கை பின்னால் சரியக் கூடாது. இதை யார் அம்மாவுக்கு நினைவுபடுத்துவது? டிஸ்சார்ஜ் அன்றைக்கு ஒரு தாளைக் கொடுப்பார்கள், இங்கிலீஷில். நர்ஸ் தெலுங்கில் கடகடவென்று சொல்லுவார். சித்தூர்த் தமிழ் அம்மாவுக்குத் தெலுங்கு பேசினால் புரியும், படிக்க வராது. தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பார், இல்லை அதுவும் இல்லை. அந்தத் தாள் பிரிட்ஜ் மேலே போய் உட்கார்ந்துகொள்ளும். மகன் செய்யக்கூடிய உருப்படியான காரியம் அந்தத் தாளை அம்மாவின் பேச்சில் தன் குரலில் பதிவு பண்ணிக் கொடுப்பது. காசு ஆகாது. ஒருத்தர் செய்தார், நிஜமாகவே பலன் இருந்தது.

ஆபரேஷன் பாதி, பயிற்சி பாதி என்பது மேல்நாட்டு ஃபேஷன் என்று நினைக்கிறவர்களுக்கு வேலூரை நினைவுபடுத்துகிறேன். 1940களின் கடைசியில் பால் பிராண்ட் அங்கே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாரை இடம் மாற்றி ஆபரேஷன் செய்ய ஆரம்பித்தார். விரலை நிமிர்த்தினால் போதாது, அந்த விரலுக்கு வேலை கற்றுத்தர வேண்டும் என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. நவ ஜீவ நிலையம் என்று தங்குமிடம் கட்டி, தச்சு வேலை, பொம்மை வேலை என்று அந்தக் கைகளைப் பழக்கினார்கள். அதே ஆஸ்பத்திரியில் டாக்டராக இருந்த மேரி வர்கீஸ் 1954-ல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆபரேஷன் செய்தவர். 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் வந்தது அவரால்தான். சித்தூரிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்ச் சேருகிற ஊரில் இத்தனை வருஷம் முன்பே இதெல்லாம் நடந்திருக்க, நாம் இன்னும் டிஸ்சார்ஜ் ஆனாலே வைத்தியம் முடிந்தது என்று இனிப்பு வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

"நாங்க என்னண்ணா பண்றது, வேலையை விட்டுட்டு மூணு மாசம் வந்து உக்கார முடியுமா?" என்று கேட்பீர்கள். முடியாது, தெரியும். நானும் உங்களை மாதிரி விசாவும் வீட்டுக் கடனும் உள்ளவன்தான். இரண்டு வார லீவை எங்கே வைக்கிறீர்கள் என்றுதான் கேட்கிறேன். ஆபரேஷன் நாளில் ஆஸ்பத்திரி பார்த்துக்கொள்ளும், ஒரு சித்தப்பா வந்து உட்கார்ந்தால் போதும். நீங்கள் வர வேண்டியது ஸ்லிங் கழற்றுகிற ஐந்தாவது, ஆறாவது வாரம். அம்மா பயந்துபோய்க் கையை அசைக்காமல் வைத்திருப்பார் அல்லது தைரியமாகக் குடத்தைத் தூக்கிவிடுவார், இரண்டையும் தடுக்க ஆள் வேண்டிய நேரம் அது. உங்களைவிட உங்கள் அக்கா தங்கையோ மனைவியோ போவது உத்தமம், காரணம் மேலே சொன்ன பாத்ரூம் விஷயம். சித்தூரிலும் திருப்பதியிலும் வீட்டுக்கு வருகிற பிசியோக்கள் இருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருத்தரை ஆபரேஷனுக்கு முன்னாலேயே பேசி வையுங்கள், முடிந்தால் பெண்ணாக. அந்த ஆள் கிடைக்கவில்லை என்றால் ஆபரேஷன் தேதியைத் தள்ளிப் போடுங்கள். புது முறிவுக்குத்தான் நாள் கணக்கு உண்டு, இரண்டு மூன்று வாரத்துக்குள் முடிவெடுத்தாக வேண்டும். தேய்ந்துபோன பழைய தோள் இன்னும் மூன்று மாதம் காத்திருக்கும்.

அப்புறம் துணி. இதை எந்த ஆஸ்பத்திரியிலும் சொல்ல மாட்டார்கள். ஸ்லிங் போட்ட கையோடு அம்மாவால் ஜாக்கெட் போட முடியாது, தலை வழியாக மாட்டுகிற நைட்டியும் முடியாது. ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்னால் தெரிந்த தையல்காரரிடம் நாலு நைட்டியைக் கொடுத்து, ஆபரேஷன் ஆகிற பக்கம் கழுத்திலிருந்து கை விளிம்பு வரை தோள் தையலைப் பிரித்து பிரஸ் பட்டன் வைத்து வாங்குங்கள். முன்பக்கம் முழுசாகத் திறக்கிற மாதிரி இருந்தால் இன்னும் நல்லது. மாட்டும்போது ஆபரேஷன் ஆன கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். காட்டன்தான் எடுக்க வேண்டும், அக்குளில் வியர்த்துப் புண்ணாகிவிடும். எங்கள் அத்தைக்குத் தைத்த தையல்காரர் இப்போது இதைக் கேட்காமலே சரியாகச் செய்கிறார், இதுவரை ஆறு பேருக்குத் தைத்துக் கொடுத்திருக்கிறாராம்.